நான்காவது பத்தி

கரமனை, திருவனந்தபுரம்
10-11-2024, ஞாயிறு

சிரஞ்சீவி சுப்ரியாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அம்மாவும் பகவான் கிருபையில் உடம்பளவில் சௌக்கியம், மனதளவிலும் அப்படியே என்று எழுத என்னால் இயலவில்லை, அதன் காரணத்தைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதம். ஆஸ்லோவில் குளிர் கடுமையாகிவிட்டது என்று உன் அண்ணா ஜெயந்த் சொன்னான், வேளைக்குச் சாப்பிடு, காலில் உறை போடாமல் தூங்காதே. அம்மாவுக்கு இடது முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் ஆலோசனையாக எடுத்துக்கொண்டாளே ஒழிய உத்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை, துணி உலர்த்தும் சாக்கில் தினம் இரண்டு முறை ஏறி இறங்குகிறாள், கேட்டால் நீங்கள் ஏறி உலர்த்துங்களேன் என்கிறாள். ஜெயந்த் பெங்களூரிலேயே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான், தை மாதம் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஐப்பசி மழையில் ஆறு மேல்படி வரை வந்து இறங்கியது, சேதம் ஒன்றுமில்லை. இவற்றையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்ததைப் போனில் தொடங்கினால் பாதியிலேயே நீ பரவாயில்லைப்பா என்று சொல்லிவிடுவாய், முழுவதையும் அறிவதற்கு முன் அந்த வார்த்தையை நீ சொல்லக்கூடாது. தவிர, இது என் கையெழுத்தும் தேதியும் உள்ள காகிதமாக உன்னிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் உன் புத்தகத்தில் நீ இதைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

மூன்று வருஷங்களுக்கு முன் நீ வந்திருந்தபோது என் அலமாரியிலிருந்து ஒரு பழைய கட்டை எடுத்தாய். இலங்கையில் போர் நடந்த காலத்தில் கடல் தாண்டி வந்து, முன்னரே இங்கு தோட்ட வேலையில் இருந்த உறவினரைத் தேடி நம் ஜில்லாவுக்கு வந்துசேர்ந்த மலையகத் தமிழர்களுக்காக, ஒரு தொண்டு அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் 1990 கடைசியிலிருந்து 1992 வரை, இங்கே தங்க அனுமதி கேட்கும் மனுக்களோடு வைக்க நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பிரமாணப் பத்திரங்களின் ஆபீஸ் பிரதிகள் அவை, மொத்தம் நாற்பத்தொன்று. அந்தப் போர் எப்படி நடந்தது, அதில் அகப்பட்ட சாதாரண ஜனங்கள் அதை எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த உனக்கு, சொந்த வீட்டு அலமாரியிலேயே அது கிடைத்துவிட்டது. இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தாய், அம்மா தோசையை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது நீ என்னைக் கேட்டாய், இதில் இருப்பது அவர்கள் சொன்னதா, நீங்கள் எழுதியதா என்று. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாய். என் பதில் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. முதல் மூன்று பத்திகளும் கடைசி உறுதிமொழியும் வழக்கமான வாசகம், நடந்ததைச் சொல்லும் பகுதி பொதுவாக அவர்கள் சொன்னதுதான் என்றேன். பொதுவாக என்ற சொல்லை நான் யோசித்துத்தான் போட்டேன். நாற்பது வருஷம் கோர்ட்டில் நின்றவன் அப்படிப்பட்ட சொல்லை எதற்காகக் கையில் வைத்திருப்பான் என்பது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீ என்னை அப்பா என்று நம்பினாய், நான் உனக்கு வக்கீலாகப் பதில் சொன்னேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து உன் ஐந்தாம் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். நாற்பத்தொன்றில் இருபத்தேழு பத்திரங்களில் ஒரே வாக்கியம் வருகிறது, ஏற்றிய விளக்கை அணைக்கக்கூட அவகாசமின்றி உடுத்த துணியோடு வீட்டை விட்டுப் புறப்பட்டோம் என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒருவரையொருவர் அறியாமல் வந்தவர்கள் ஒரே சொற்களில் சொல்கிறார்கள், ஆகையால் தோட்டத்து ஜனங்கள் தங்கள் துயரத்தை ஒரு பொது வாக்கியமாக ஆக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று விளக்கினாய். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாக வந்திருக்கிறது என்று நான் சொன்னேன். சுப்ரியா, அந்த வாக்கியம் ஜனங்களுடையது அல்ல, என் ஆபீஸினுடையது. முதன்முதலில் வந்த ஒரு முதியவர் மட்டும் அதை உண்மையாகவே சொன்னார், நானும் அப்படியே எழுதினேன், அந்த மனு சீக்கிரம் அனுமதியானது. அதைப் பார்த்த என் குமாஸ்தா தளவாய், அந்தப் பத்தியைத் தனியாக ஒரு காகிதத்தில் டைப் செய்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு அநேகமாக யார் வந்தாலும், சார், விளக்கு பாரா போட்டுரட்டுமா என்று கேட்பார், நான் கேஸ் கட்டிலிருந்து தலை நிமிராமல் போடுங்கள் என்பேன். நான்காவது பத்தி என்றாலே எங்களுக்குள் அதுதான். தளவாய் இப்போது வள்ளியூரில் மகனோடு இருக்கிறார், என் நினைவு தவறாக இருக்கக்கூடாதே என்று சென்ற மாதம் போன் செய்து கேட்டேன். காது மந்தமாகியிருக்கிறது, ஞாபகம் மங்கவில்லை. பின்ன என்ன சார், அந்தப் பாரா இல்லேன்னா கேஸே நிக்காதுல்லா என்று பெருமையாகச் சிரித்தார். உன் அத்தியாயத்தைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு அடிக்குறிப்பு எழுதித் திருத்திக்கொள் என்று சொல்லியிருப்பேன். புரட்டாசியில், சட்டச் சொற்களைச் சரிபார்ப்பதற்காக அச்சுப் பிரதியை எனக்கு அனுப்பினாய். அதில் உதாரணமாக நீ எடுத்துக்கொண்டிருந்தது பதினெட்டாம் எண் பத்திரம், மாடம்மாள், கணவர் நோயினால் இறந்த விதவை, பொன்முடித் தோட்டம். அந்தப் பெயரைப் படித்த பிறகு நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த அம்மாள் என் ஆபீஸுக்கு வந்தது தொண்ணூற்றொன்று ஜூலையில், கூடவே ஒன்பது பத்து வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் பெயர் வீரபாண்டி, கிளிநொச்சிப் பக்கம் டிராக்டர் ஓட்டியவர். ராணுவ முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் துப்பாக்கியைக் காட்டினார்கள், கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு நாள் மத்தியானம் அவர் சோற்றில் கை வைத்திருந்தபோது இரண்டு இளைஞர்கள் வாசலில் வந்து நின்று, அண்ணே, அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போங்க, ஒரு விசயம் கேக்கணும் என்றார்கள். மரியாதையாத்தான் கூப்பிட்டாங்க ஐயா என்று அந்த அம்மாள் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். அவர்களில் ஒருவன் முந்தின வாரம் அவள் கையால் சாப்பிட்டுப் போனவன். வீரபாண்டி கை கழுவிக்கொண்டு, தட்டை மூடி வை, வந்து சாப்பிடுறேன் என்று சொல்லிவிட்டு அவர்களோடு போனார். சாயங்காலம் சந்தியில் ஒரு மரத்தில் கட்டிச் சுடப்பட்டுக் கிடந்தார், கழுத்தில் காட்டிக் கொடுத்தவன் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, யாரோ படித்துச் சொன்னார்கள். என்னிடம் அவள் தோட்ட வேலையைப் பற்றியோ குடியுரிமையைப் பற்றியோ அதிகம் கேட்கவில்லை. அவங்க ஒன்னு எழுதிட்டாங்க ஐயா, நீங்க அதை மாத்தி எழுதிக் குடுங்க, எம்புருசன் யாரையும் காட்டிக் குடுக்கலைன்னு சீல் வச்ச காயிதத்தில எழுதுங்க என்றாள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் மீது விசாரணை கடுமையாக இருந்த நேரம் அது. எந்த இயக்கத்தின் பேச்சும், அவர்கள் கொன்றார்கள் என்ற வகையில்கூட, பத்திரத்தில் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து என்று நான் கணித்தேன். அந்தக் கணிப்பு தவறென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அழுவாள், வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். என் கணவர் 1990ஆம் ஆண்டு நோயினால் காலமானார் என்று எழுதினேன், நான்காவது பத்தியைத் தளவாய் போட்டார். எழுதியாச்சா ஐயா என்று கேட்டாள். எழுதியாச்சு என்றேன். கைநாட்டு வைத்தாள். அதன் கீழே, மொழிபெயர்த்து வாசித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார் என்று நான் நோட்டரியாகச் சான்றளித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். வாசித்துக் காட்டவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை, அம்மாவிடம் பழைய கட்சிக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, தம்பானூரில் பஸ் ஏறிப் பொன்முடிக்குப் போனேன். இரண்டரை மணி நேரம்தான் ஆகிறது. முப்பத்துமூன்று வருஷமாக அந்த பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மாடம்மாள் இரண்டு வருஷத்துக்கு முன் ஆவணியில் இறந்துவிட்டாள். அன்று கூட வந்த குழந்தை பிரேமா இப்போது அதே தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள், அவளுடைய மகள் நர்ஸிங் படிக்கிறாள். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சாயா வைத்துவிட்டு, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அந்தப் பத்திரம். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன், வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், எங்களுக்கு அறியும் சாரே, மோளு பத்தாங்கிளாஸ் படிக்கிறப்ப வாயிச்சுப் பாத்துட்டா, தாத்தா சீக்கு வந்து செத்தார்னுல்ல இருக்குன்னு கேட்டா, நான் அவ வாயைப் பொத்தினேன், அம்மா அடுப்படியில இருந்துச்சு என்று. குழாயடியில் சண்டை வரும்போது யாராவது காட்டிக் கொடுத்தவன் பொண்டாட்டி என்று சொன்னால் மாடம்மாள் இந்தக் காகிதத்தைத்தான் கொண்டுவந்து நீட்டுவாளாம், வக்கீல் ஐயா எழுதி சீல் வச்சது, படிச்சுப் பாருடி என்று. கடைசிக் காலத்தில், தன் காதால் ஒரு தடவை முழுவதும் கேட்க வேண்டும் என்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஜெயனைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள். பிரேமா குறுக்கு வழியில் முன்னால் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறாள். அந்த மனிதர் காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, வீரபாண்டி நிரபராதி, யாரையும் காட்டிக் கொடுக்காதவர் என்று கால் மணி நேரம் இல்லாததை வாசித்திருக்கிறார். மாடம்மாள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வக்கீலு நல்லா எழுதியிருக்கு என்றாளாம். நான் சொன்ன பொய்யை, அந்த அம்மாள் மனம் நோகாமல் இருக்க, என்னை ஒரு தடவை கூடத் தேடி வந்து கேட்காமல், அந்த ஏழைகள் சுமந்திருக்கிறார்கள்.

நான்காவது பத்தியைப் பற்றியும் உன் புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன். வெளக்கா, நட்டுச்சைக்கு எவன் சாரே வெளக்கேத்துவான் என்று பிரேமா சிரித்துவிட்டாள், மத்தியானத்தை அங்கே மலையாளத்தில்தான் சொல்கிறார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தி, வெளக்கெல்லாம் இல்லை, அந்த மூடி வச்ச தட்டுதான், அம்மா அதைத் தொட விடலை, அடுத்த நாள் நட்டுச்சைக்கு அப்படியே வச்சுட்டு நடந்தோம் என்றாள். முப்பத்துமூன்று வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த ஒரே மெய்யான வாக்கியம் அது. உங்க மக புஸ்தகத்திலயும் சீக்குன்னுதான் இருக்கா என்று கேட்டாள். இப்போதைக்கு அப்படித்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். பிறகு, நீங்க நம்புறீங்களா சாரே, எங்கப்பா காட்டிக் குடுக்கலைன்னு என்றாள். உன் அம்மா என்னிடம் அப்படிச் சொன்னாள் என்பதற்கு நான் சாட்சி என்றேன். அதுல்ல சாரே நான் கேட்டது என்றாள். மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

இத்துடன் ஒரு பிரமாணப் பத்திரம் இணைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வேறொரு நோட்டரி முன்னிலையில் நான் செய்தது. மாடம்மாள் சொன்னது, நான் எழுதியது, வாசித்துக் காட்டாமல் சான்றளித்தது, இருபத்தேழு பத்திரங்களில் ஒரே பத்தி வந்த விதம், எல்லாம் அதில் இருக்கின்றன. அதன் மதிப்பு குறைவு என்பதையும் நீ அறிய வேண்டும், பிறர் சொல்லக் கேட்டதை, நீண்ட காலத்துக்குப் பின், தவறு செய்தவனே சொல்வது அது. ஐந்தாம் அத்தியாயம் நிற்காது. எத்தனை வருஷ உழைப்பு, அங்கே உன் வேலையே இந்தப் புத்தகத்தை நம்பியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தே எழுதுகிறேன், அதனால்தான் இந்தப் பக்கத்தில் இத்தனை அடித்தல். என்னை ஓர் உள்ளூர் வழக்கறிஞர் என்று மறைத்து எழுதாதே, முழுப் பெயரையும் போடு. முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருக்கும் வரியை எடுத்துவிடு. வீரபாண்டி நிரபராதி என்று நான் சத்தியம் செய்ய முடியாது, எனக்கு நேரடியாகத் தெரியாது, ஆகவே பத்திரத்தில் அது இல்லை. ஆனால் கடிதத்தில் எழுதலாம். நான் நம்புகிறேன். கையைக் கழுவிக்கொண்டு, தட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறவன், திரும்பி வருவோம் என்று நினைத்துத்தான் போயிருக்கிறான். எந்தக் கோர்ட்டும் இதை ஏற்காது. இருந்தாலும் நம்புகிறேன், இதைப் பிரேமாவிடம் நேரில் சொல்வதற்காக அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன், இம்முறை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு.

நீ என்மேல் கோபப்பட்டால் அது நியாயம், பேச வேண்டாம் என்று தோன்றினால் கொஞ்ச காலம் பேசாமல் இரு, அம்மாவோடு மட்டும் பேசு, நீ பேசாவிட்டால் அவள் தாங்கமாட்டாள். குலதெய்வம் உனக்குத் துணை நிற்கட்டும், திடமும் நிதானமும் தரட்டும். மறக்காதே, புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் பிரேமாவை நீயே அழைத்துப் பேசு, நம்பர் பத்திரத்தின் பின்புறம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் சிக்னல் உள்ள இடத்துக்கு வருவாளாம். அழைக்கும்போது வக்கீல் மகள் பேசுகிறேன் என்று தொடங்காதே. வீரபாண்டியின் மகளா என்று கேட்டுத் தொடங்கு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரா. ராமசுப்ரமணியன்