பெட்டியின் பின்பக்கம்

மார்ச் 3

இதை எழுதாமல் படுத்தால் தலை வெடித்துவிடும்.

மக்கள் பொத்தானை அழுத்திப் பழகட்டும் என்று நூலகத்தில் ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள். வாராவாரம் நாளிதழில் இந்த இயந்திரங்களைத் திட்டி எழுதுகிறவள் நேரில் பார்க்காமல் இருக்கலாமா? போனேன். நல்ல கூட்டம். வரிசை மேசையைச் சுற்றி வளைந்ததில் நான் நின்ற இடம் இயந்திரத்துக்குப் பின்னால்.

முன்பக்கம், மூடி பெட்டியோடு சேரும் இடத்தில் எண் போட்ட சிவப்பு சீல். "இது கிழியாம உள்ள ஒரு ஈ கூடப் போகாது மேடம்" என்றார் அங்கிருந்த அலுவலர். பெருமை தாங்கவில்லை அவருக்கு. பின்பக்கம்? இரண்டு கீல்கள். கீல்களில் வெளியே தெரிகிற சாதாரண திருகாணிகள்! அவற்றைக் கழற்றினால் மூடி பின்னாலிருந்து தூக்கிக்கொள்ளும். சீல் அப்படியே இருக்கும். என் மூக்குக்கண்ணாடியை முடுக்க வைத்திருக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரே போதும்.

தினமும் இரண்டு பேர் சீல் எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்களாம். பின்னால் ஒருவரும் போனதில்லை. ஊசி போகிற இடம் பார்ப்பார்கள், உலக்கை போகிற இடம் பார்க்கமாட்டார்கள்.

மார்ச் 4

இதைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். நாளிதழ் ஆசிரியர் போட மறுத்துவிட்டார். "புது மசோதா என்னாகுதுன்னு பாத்துட்டுப் போடலாமே" என்கிறார். அது சட்டமாகிவிட்டால் எப்படி ஐயா போடுவீர்கள்?

மசோதா இதுதான்: தயாரித்த நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இயந்திரத்தைத் திறந்தாலும் சிறை, திறக்கிற வழியைச் சொன்னாலும் சிறை. திருடன் அனுமதி வாங்கிக்கொண்டா வரப்போகிறான்? வாயை மூடவேண்டியது என்னைப் போன்றவர்கள்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். இங்கே பூனை மற்றவர்கள் கண்ணையும் சேர்த்து மூடச் சொல்கிறது.

மார்ச் 6

அக்காவிடம் பேசினேன். ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர், மசோதாவை ஆராயும் குழுவில் இருக்கிறாள். இந்த ஊரில் எனக்கு வேறு யாரைத் தெரியும்?

"எங்க கட்சி மசோதாடி அது. வேட்பாளர் பட்டியல் வர்ற நேரம். என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அப்ப ஓட்டுப் பெட்டி திறந்து கிடந்தாப் பரவாயில்லையா?"

போனை வைத்துவிட்டாள். போ! எனக்கு மட்டும் என்ன வந்தது? ஊரே சேர்ந்து ஏமாறட்டும். நான் ஏன் இப்படிக் கத்திட்டுத் திரியணும்?

மார்ச் 7

குழுவில் சாட்சி சொல்ல என் பெயரைச் சேர்த்துவிட்டாள்! அக்காவேதான்! "இயந்திரத்தையும் கொண்டுவரச் சொல்லிருக்கேன். தலைய ஒழுங்கா சீவிட்டு வா." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

மார்ச் 11

ஆஹா, என்ன ஒரு நாள்!

குழுத் தலைவரிடம் முதலில் சீலைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார். சரியாக இருந்தது. இயந்திரத்தைத் திருப்பினேன். என் குட்டி ஸ்க்ரூடிரைவரால் கீல்களைக் கழற்றும்போது ஒரு திருகாணி மேசைக்கடியில் ஓடிவிட்டது. நிறுவனத்துப் பொறியாளரே தவழ்ந்து போய் எடுத்துக் கொடுத்தார், பாவம், எதற்கென்று தெரியாமல்.

மூடியைத் தூக்கினேன். தலைவருடைய பேனாவை உள்ளே போட்டு, மூடி, திருகாணிகளை முடுக்கினேன்.

"சீல் கிழியலையே ஐயா?"

"இல்ல, கிழியல."

"அப்ப உங்க பேனா எங்க?"

அறையே சிரித்தது. பொறியாளர் மட்டும் எழுந்து நின்று, "இது குற்றம்!" என்று கத்தினார்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னும் இல்ல. உக்காருங்க."

மார்ச் 12

குழுவில் மசோதா தோற்றது. ஒரே ஒரு கை வித்தியாசம். அது யார் கை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பேப்பரில் போட்டிருந்தார்கள்.

என் கட்டுரையும் முதல் பக்கத்தில்! ஆசிரியர் அது தன் யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

மார்ச் 15

வேட்பாளர் பட்டியல் வந்துவிட்டது. அக்கா பெயர் இல்லை.

போன் செய்தேன். "சாப்டியா?" என்று கேட்டாள். என்னால்தானே அக்கா என்று கேட்க வாய் வரவில்லை. "சாப்டேன்" என்றேன். சாப்பிடவில்லை.

ஏப்ரல் 20

வாக்குப்பதிவு. அக்காவும் நானும் ஒன்றாகப் போனோம். இத்தனை தேர்தலில் வேட்பாளராக இல்லாமல் அவள் வரிசையில் நின்றது இதுதான் முதல் தடவை. நின்றவர்களில் பாதிப் பேர் அவளிடம் நலம் விசாரித்தார்கள். எல்லோருக்கும் சிரித்தாள். என்னைப் பார்த்து மட்டும், "கால் வலிக்குதுடி" என்றாள்.

அவள் முறை வந்தது. மறைப்புக்குள் போனவள் பொத்தானை அழுத்தவில்லை. குனிந்து, இயந்திரத்துக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவினாள். அவள் அதைச் சற்றுத் திருப்பியதில் தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது: இரண்டு கீல்களின் மேலும் புத்தம்புது சிவப்பு சீல்.

அலுவலர் பதறிவிட்டார். "அம்மா, அதையெல்லாம் தொடக்கூடாது!"

"தொடலாம் தம்பி" என்றாள் அக்கா. "அந்தச் சட்டம் வரல."