வருகைப் பதிவேட்டில் ஒரு கையொப்பம்

அன்புள்ள தேவசேனாவுக்கு,

தணிகாசலம் எழுதுகிறேன். உன் தம்பி விமல்ராஜ் அறியாமல்தான் கத்தியை உருவினான் என்று அவனுக்காகச் சாட்சி சொல்லக் கேட்டிருந்தாய். அதற்கான பதில் இது.

அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் ஆம்புலன்ஸ் குழு நடத்திய முதலுதவி வகுப்பில், உடலில் பாய்ந்த கத்தியைப் பிடுங்கினால் உயிர் போய்விடும் என்று நான்தான் கற்பித்தேன். “புடுங்கினா அவ்ளோதானா மாமா?” என்று அவன் சிரித்தான்.

வரப்புத் தகராறில் அவன் குத்திய வேணு, நான் போய்ச் சேர்ந்தபோது வயிற்றில் கத்தியோடு தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்குள் விமல்ராஜ் அவர் மார்பில் கால் ஊன்றி, கத்தியைத் திருகி உருவினான். குருதி என் முகத்தில் தெறித்தது; வேணு அங்கேயே இறந்துபோனார்.

“நீங்க சொல்லிக்குடுத்ததுதானே மாமா?”

அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நீ. ஆயினும் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் அவன் கையொப்பம் இருக்கிறது. நாளைக் காலை அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, கண்டதைக் கண்டபடி சொல்வேன்.

உன் கணவன்