ஆறு மீட்டர் ஆழத்தில் நான் செய்தது

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதேபோல் இருக்க வேண்டும். உடம்புக்கு என்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் காகிதம். நாள் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று தபாலில் எழுதுகிறாரே, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு உட்கார்ந்து படி. போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் உன் குரலைக் கேட்டதும் மழை பெய்ததையும் குழாய் ஒழுகுவதையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, வாஷர் மாற்றியும் நிற்கவில்லை. பெரியவனுடைய மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, கேமராவைக் காட்டினால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மாடி வீட்டு வாத்தியார் நாற்காலியைத் தூக்கி வைக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, தரதரவென்று இழுக்கிறார். அம்மா உன்னிடம் வருவதற்காக, வேலை பார்க்கும் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, நேற்று பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது கடை முதலாளிதான் சொன்னார். எத்தனை நாள் லீவும்மா என்று கேட்டாராம், அதைப் போய்த்தான் பார்க்கணும் சார் என்றாளாம். நீ அவளுக்கு எடுத்தது போவதற்கு மட்டும் டிக்கெட். வருவதற்கு எப்போது எடுக்கட்டும் என்று நீ கேட்டதற்கு இப்ப வேண்டாம் என்று அவள் சொன்னது அடுத்த அறையில் இருந்த என் காதில் விழுந்தது. பெண் வீட்டுக்கு அம்மா வருவது ஊரில் இல்லாத அதிசயமா என்று நீ நினைப்பாய். முப்பத்தோரு வருஷத்தில் அவள் என்னைவிட்டு எங்கே போனாலும் திரும்பும் நாளை முதலில் சொல்லிவிட்டுத்தான் பெட்டியையே இறக்குவாள். இந்தத் தடவை அவள் திரும்பி வருவாளா என்பது எனக்குத் தெரியவில்லை, காரணம் மட்டும் தெரியும். அதை உனக்கு எழுதுகிறேன்.

நீயும் அண்ணனும் சேர்ந்து எங்களை விடுமுறைக்குக் கடலோரம் அனுப்பி வைத்தீர்களே, அங்கே நான்காம் நாள் ஸ்கூபா டைவிங் போனோம். ஆசைப்பட்டது அம்மாதான். உனக்குத் தெரியும், மருந்துச் சீட்டில் உள்ளதை இரண்டு முறை படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்காதவள். அப்படிப்பட்டவள் விடுதி வாசலில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க என்று என் சட்டைக் கையைப் பிடித்துக் கேட்டாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு நீச்சலும் தெரியும், தண்ணீரிடம் பயமும் இல்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு முதுகில் மாட்டுவது சிலிண்டர். உன் அப்பன் முப்பத்திரண்டு வருஷம் சிலிண்டர் சோதனைக் கூடத்தில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்து, தேறியதற்கு முத்திரை அடித்தவன். சிலிண்டரைப் பற்றி எனக்கு இன்னொருவர் பாடம் எடுப்பதா என்று ஒரு மிதப்பு.

அந்த மிதப்புதான் வினை. கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துப் பயிற்சியாளர் அம்மாள் அரைமணி நேரம் விளக்கினார். நாற்பது வயது இருக்கும், பொறுமையான மனுஷி. மூக்கால் மூச்சு விடக் கூடாது, மூக்கையும் சேர்த்து மூடுகிற முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வது, மூச்சு இழுக்கிற வாய்க்குழாய் நழுவினால் கையை எப்படிச் சுழற்றித் தேடுவது, ஒவ்வொருவர் சட்டையிலும் நெஞ்சுப் பக்கம் மஞ்சள் நிறத்தில் இன்னொரு வாய்க்குழாய் தொங்கும், பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று வேண்டுமானால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார் என்று எழுதுவது ஏனென்றால் நான் கேட்கவில்லை. நான் சிலிண்டரின் கழுத்தில் அடித்திருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாகச் சோதித்தது எப்போது, எந்தக் கூடத்து முத்திரை, பெயிண்டுக்குக் கீழே துரு இருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டேன். அம்மா என் தொடையில் ஒரு இடி இடித்து, அவங்க சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க என்றாள். நான், நீ கேளு, நான் சாமானைப் பார்க்கிறேன் என்றேன். அவள் மஞ்சள் குழாயை எடுத்து வாயில் வைத்துப் பார்த்து, குழாய்க்குள் புகுந்த தண்ணீரை வெளியே தள்ளுகிற பொத்தானை அமுக்கிப் பார்த்து, மறுபடி ஒரு தடவை சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டாள். சிலிண்டர் இரண்டும் தரமானவை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாட்டிக்கொண்டவன்தான் தரமில்லை.

இடுப்பளவு தண்ணீரில் பழகியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு படகில் போய் இறங்கினோம். பயிற்சியாளர் எங்கள் இருவரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே கொண்டுபோனார். அடித்தரை ஆறு மீட்டர். உன் அம்மா அங்கே எப்படி இருந்தாள் தெரியுமா, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு கோடுபோட்ட மீன் அவள் முழங்கை வரை வந்து போனது. பயிற்சியாளர் எங்களை மணலில் மண்டியிட வைத்துவிட்டு, பாறை இடுக்கில் எதையோ காட்டத் திரும்பினார். அந்த நேரத்தில் என் கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்தது. கொஞ்சம்தான், மூக்கு நனைகிற அளவு. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் மூக்கால் மூச்சை இழுத்தேன். உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போய் இருமல் வந்தது. இருமியதில் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டேன். கையால் தேடினேன், கிடைக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று வாயால் சொல்லிவிடலாம், நிஜமாகவே தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது மனுஷனுக்கு மனுஷத்தனம் போய்விடுகிறது. எதிரே அம்மாவின் வாயிலிருந்து காற்றுக் குமிழிகள் போய்க்கொண்டிருந்தன. நான் பாய்ந்து அவள் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி என் வாயில் வைத்துக்கொண்டேன்.

இதை ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்த மாட்டேன். மஞ்சள் குழாய் அவள் நெஞ்சின் மேல், என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று தெரிந்திருந்தால் அதை எடுத்திருப்பேன். தெரியாதவன் பெண்டாட்டியின் மூச்சில் கை வைத்தேன். நான் பிடுங்கிய வேகத்தில் அவள் உதடு கிழிந்தது, அது பிறகுதான் தெரிந்தது. நான் அவளைப் பார்க்கக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு காற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் தன் மஞ்சள் குழாயை எடுத்து, பொத்தானை அமுக்கி, தன் வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென்று மேலே போனால் நுரையீரல் கிழியுமாம், நான் உதறி மேலே பாய்ந்துவிடாமல் அந்தப் பிடி என்னை மணலோடு நிறுத்தியது. பயிற்சியாளர் திரும்பிப் பார்த்து, பதறாமல் இரண்டு பேரையும் மெல்ல மேலே கொண்டுவந்தார்.

படகில் ஏறியதும் கீழே என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அம்மா உதட்டைத் துண்டால் அழுத்திக்கொண்டு, நான்தாங்க பயந்துட்டேன், கையைக் காலை ஆட்டினதுல இவர் கண்ணாடியில பட்டுடுச்சு, அப்புறம் என் குழாயை அவருக்குக் கொடுத்துட்டு நான் மஞ்சளை எடுத்துக்கிட்டேன் என்றாள். பயிற்சியாளர் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு குனிந்து எங்கள் கால் துடுப்புகளைக் கழற்ற ஆரம்பித்தார். அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை.

அன்று ராத்திரி வீடியோ காலில் உங்கள் இரண்டு பேரிடமும் அதே கதையைச் சொன்னபோது நடந்தது உனக்கே தெரியும். பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான், இனிமே அம்மாகூட குளத்துல கூட இறங்காதீங்கப்பா என்றான். நீ, அம்மா, அப்பாவை மூழ்கடிக்கவே பிளான் போட்டுட்டியா என்று கேட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உண்மை தெரியாமல் கேட்டாய். தெரிந்தவன் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்தது மட்டுமா, ஒரு கதையை நானே சேர்த்து, உங்கம்மா அடிச்ச அடியில கண்ணாடி எங்கேயோ போச்சு என்று சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதன் மேல் இன்னும் ஒரு கரண்டி சோறும் போட்டேன்.

ஊர் திரும்பிப் பத்து நாள் அம்மா வழக்கம்போல்தான் இருந்தாள். சமைத்தாள், கடைக்குப் போனாள், குழாய்க்குக் கீழே கிண்ணம் வைத்தாள். எனக்கும் எல்லாம் கரைந்து போனது போல் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தையல் வேலையாக உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாமென்று கையை நீட்டினேன். அவள் சட்டென்று பின்னால் சாய்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நொடிதான். உடனே கையை இறக்கிவிட்டு, என்ன, நூலா என்று அவளே எடுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டு டிக்கெட் கேட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு நெஞ்சு குறுகுறுத்து மூன்று நாள் சாப்பாடே இறங்கவில்லை. நேற்று மத்தியானம் அவள் பெட்டியில் உன் கம்பளிச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன், படகுல ஏன் அப்படிச் சொன்னே என்று. உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்பாள், நான் அழுவேன், அவள் பரவாயில்லை என்பாள் என்று ஏதோ நினைத்திருந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீங்க நடுங்கினதைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு, அதான் சொன்னேன், நான் சொன்னதும் இல்லைன்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் என்றாள். படகுல பார்த்தேன், சரி, கரைக்குப் போனதும் சொல்லுவார்னு இருந்தேன். சாப்பிடும்போது சொல்லுவார்னு இருந்தேன். பெரியவன் சிரிச்சப்போ பார்த்தேன். சின்னவ சிரிச்சப்போ உங்க முகத்தையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன், நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க. தண்ணிக்குள்ள பிடுங்கினது பயம், அதை நான் அங்கேயே விட்டுட்டேன். மேலே வந்து செஞ்சதைத்தான் என்னால விட முடியலை. இவ்வளவும் சொன்ன அவள் குரலில் ஒரு கோபம்கூட இல்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தப்புதான், மன்னிச்சுடு என்றேன். சரி என்றாள். அடுத்த சட்டையை எடுத்தாள்.

அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நான்கு சுவருக்குள் கேட்ட மன்னிப்பு நான்கு சுவரோடு போய்விடும். ஊரறியச் சிரித்தவன் ஊரறியத்தான் சொல்ல வேண்டும். அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன். அவள் விமானம் ஏறிய மறுநாள் பெரியவன் வீட்டுக்கு நேரில் போய், மருமகள் முன்னாலேயே சொல்வேன். அந்தப் பயிற்சியாளர் அம்மாளுக்கும் ஒரு வரி எழுதப்போகிறேன், படகில் அவர் என் முகத்தைப் பார்த்த பார்வைக்குப் பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. இதையெல்லாம் செய்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் போகாதே என்று பேரம் பேசுவது போல் ஆகிவிடும். அவள் வரட்டும், உன்னிடம் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். எப்போதும்மா திரும்பப் போறே என்று நீ கேட்காதே, அப்பா பாவம் என்று எனக்காக வக்காலத்தும் வாங்காதே. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான், கரையேறுவதும் என் பாடு.

அவளைக் கொஞ்சம் கவனித்துக்கொள். மாடிப்படி இறங்கும்போது வலது முட்டி வலிக்கும், சொல்லமாட்டாள். குளிர் தாங்கமாட்டாள், அதையும் சொல்லமாட்டாள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், அவர் கார் ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காதே. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, உன் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்.

ஒன்றே ஒன்று மறக்காதே. இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும், தபால்காரரிடம் கேட்டுவிட்டேன். விமான நிலையத்தில் அவள் வெளியே வந்ததும், கட்டிப்பிடிப்பதற்கு முன்னால், பெட்டியை வாங்குவதற்கு முன்னால், அப்பா சொல்லிட்டாரும்மா என்று அவளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா