மோரிக்குள் ஒரு கைப்பிடி

லேபர் கேம்ப், தாராவி
ஞாயிறு, மத்தியானம்

இல்லை ஷாலினி, மோரி வேலைக்கு ஆள் யாரையும் வைக்கவில்லை, நான்தான் செய்தேன். நீ போனில் கேட்டபோது சிரித்து மழுப்பினேன், அப்பா பக்கத்தில் இருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் போனில் எதையும் மறைத்துப் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். தாளைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், அதற்காக வாக்கியங்களைச் சின்னதாக வைக்கப் பார்க்கிறேன், மெதுவாகப் படி. நாங்கள் நலம். முழு நலம் என்றால் நம்பமாட்டாய், முக்கால் நலம் என்று வைத்துக்கொள். டப்ளினில் குளிர் வந்திருக்கும். நீ நன்றாக இருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டுதான் இங்கே அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு டைல்ஸ் என்று கேட்டாய். நியாயம்தான். ஆனால் நீ பிறந்ததிலிருந்து இந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள். அதை நம்பி நாம் ஓர் ஆணிகூட மாற்றவில்லை. இடிக்கட்டும். அதுவரை உன் அப்பா குளிக்க வேண்டும், போக வேண்டும், எழுந்து வர வேண்டும். இடுப்பில் கம்பி வைத்து அனுப்பும்போது டாக்டர் இனிமேல் குந்தி உட்காரக் கூடாது என்றார். அறை மூலையில் நாம் குளிக்கிற மோரியில் இருந்தது குந்தி உட்காருகிற கக்கூஸ். அதனால்தான் அவரைச் சுனாபட்டியில் அத்தை வீட்டில் விட்டேன். அங்கே கமோடு இருக்கிறது, கவனிக்க ஆள் இருக்கிறது. அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் போகும்போதெல்லாம் அப்பாவின் கட்டில் பக்கத்தில் டம்ளர் நிறையத் தண்ணீர் அப்படியே இருக்கும். முதலில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. குடித்தால் போக வேண்டும். போனால் அத்தையின் மருமகள் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். அந்தப் பெண் முகம் சுளிக்கிறவள் இல்லை. அவரால்தான் முடியவில்லை. தாகத்தோடு படுத்திருந்தார். இதை உனக்கு நான் இதுவரை சொல்லவில்லை. அத்தையிடம் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றதும், எங்கிட்ட இருந்தா என்னட்டி கொறஞ்சு போச்சு, அவனுக்குக் கூச்சமா ஒனக்கு ரோசமா என்று கேட்டாள். ரெண்டும்தான் மதினி என்றேன். சிரித்துவிட்டாள்.

ஆக எனக்குத் தேவை இரண்டு. ஒரு கமோடு. அதிலிருந்து அவர் தானாக எழுந்திருக்கச் சுவரில் ஒரு கைப்பிடி. யாரும் தூக்கக் கூடாது. வேறு எதைச் செய்தாலும் இது இல்லையென்றால் வீண். என் பள்ளிக்குத் தீபாவளி லீவு விட்ட அன்றைக்கே உளியும் சுத்தியலும் எடுத்தேன். கமோடு வைக்க மட்டும் பிளம்பரை ஒரு நாள் கூப்பிட்டேன், பழைய டைல்ஸை உடைத்தது, குப்பையைச் சாக்கில் சுமந்தது, பூச்சு, புது டைல்ஸ், எல்லாம் நான். குர்லாவில் பெரிய கட்டடங்களில் மிஞ்சிய டைல்ஸைக் கூறு கட்டி விற்கிறார்கள். ஒரே மாதிரி பத்து கிடைக்காது. நம் மோரியில் இப்போது நாலு விதம், அதில் ஒன்று யாரோ பணக்காரர் வீட்டு நீச்சல் குளத்து நீலம். எல்லாவற்றையும் ஈஸி ஈஸி என்று சொல்கிற ஒருவனின் வீடியோவைப் பார்த்துத் தரை போட்டேன். காய்ந்த பிறகு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். அது சாக்கடைத் துளையைப் பார்க்காமல் நேராக அரிசி டப்பாவைப் பார்த்து வந்தது. வாட்டம் தப்பு, சரிவு எதிர்ப்பக்கம். வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்று எழுதினால் அதிகம். அழலாமா என்று யோசித்தேன், அவ்வளவுதான். பிறகு உடைத்து மறுபடி போட்டேன். வேலை செய்கிறபோது மனம் வெறுமையாக இருந்தது. புத்தகம் படித்தும் கிடைக்காத வெறுமை. கை மட்டும் இருக்கிறது, சுவர் மட்டும் இருக்கிறது.

அந்தச் சுவர்தான் வம்பு. டிரில்லை வாடகைக்கு எடுத்துத் துளை போட்டு ஸ்டீல் கைப்பிடியை மாட்டினேன். அப்பாவின் எடையை அது தாங்குமா என்று பார்க்க நானே பிடித்துத் தொங்கினேன். கைப்பிடி, பூச்சு, செங்கல் தூள், நான் எல்லாரும் சேர்ந்து கீழே உட்கார்ந்தோம். பெரிதாக அடியில்லை, கவலைப்படாதே. ஹார்டுவேர் கடை பிரம்மநாயகத்திடம் சொன்னேன். அக்கா, அது சுவரில்ல, ரஸ்க்கு, டீயில முக்கித்தான் திங்கணும் என்றார். கேலி முடிந்தபிறகு வழியும் சொன்னார். போல்ட்டைச் சுவரின் அந்தப் பக்கம் வரைக்கும் விட்டு, அங்கே இரும்புத் தகடு வைத்து நட்டு போட்டு இறுக்க வேண்டும். தரையில் கம்பம் நடலாம் என்றால் மோரியில் கால் வைக்க இடமிருக்காது. அந்தப் பக்கம் என்றால் ஷகீல் வீடு. உனக்குத் தெரியும், இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. நம் மோரித் தண்ணீர் கசிந்து, அவன் தைத்து அடுக்கியிருந்த பைகளில் பூஞ்சை பிடித்தது என்று வந்து சொன்னான். அப்பா, ஓம்பக்கத்த நீ பாத்துக்கோ, சுவர் ஆதா ஆதா, பாதி ஒனக்குப் பாதி எனக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு சந்தில் எதிரே வந்தால் இருவரும் மேலே போகிற கரண்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

போனேன். ஷகீல் தையல் மெஷினை நிறுத்தவில்லை. தாராவியில் பிறந்தவன், நம் தமிழ் அவனுக்கு வரும், வேண்டும்போது மட்டும். நான் சொல்லி முடித்ததும், செல்வம் அண்ணன்தான சொன்னாரு சுவர் ஆதா ஆதான்னு, இப்ப என் ஆதாவும் வேணுமா பாபி என்று கேட்டான், பேச்சு இல்லாவிட்டாலும் நான் அவனுக்கு அண்ணிதான். வேணும் என்றேன். அவன் மனைவி ரெஹானா மூட்டைகளை நகர்த்திச் சுவரைக் காட்டினாள். ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. இரண்டு வருஷமாக நாம் குளித்த தண்ணீர். முதலில் இதற்கு வழி செய்யுங்கள், பிறகு தகடு வையுங்கள் என்றாள். அது பேரம்கூட இல்லை, நியாயம். இரண்டு நாள் அங்கேயும் வேலை செய்தேன். ரெஹானா சுரண்டினாள், நான் பூசினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் பிடிவாதமா என்று கேட்டாள். பெண் இதைவிட மோசம் என்று உன்னைச் சொன்னேன். மூன்றாம் நாள் தகடு ஏறியது. இந்தப் பக்கம் வந்து மறுபடி தொங்கினேன். நின்றது. நான் தொங்கிக்கொண்டே இருந்தேன், வேண்டிய நேரத்துக்கு மேலும் கொஞ்ச நேரம்.

அப்பா வந்தார். மோரியைப் பார்த்துவிட்டு, இதென்னட்டி ஜவுளிக்கடை மாதிரி நாலு டிசைன் என்றார், அது பாராட்டு. மறுநாள் காலையில் வாக்கரோடு உள்ளே போனார். நான் திரைக்கு வெளியே நின்றேன். கைப்பிடியைப் பற்றுகிற சத்தம். மூச்சு. எழுந்துவிட்டார். அதே நேரத்தில் அந்தப் பக்கம் கிலுங் என்று கேட்டது. ரெஹானா அந்த நட்டுகளைச் சும்மா விடவில்லை, சாவிக்கொத்தை மாட்டியிருக்கிறாள். இழுத்ததும் ஆடியிருக்கிறது. அவள் சுவர் வழியாகவே பாபி, அண்ணன் எழுந்துவிட்டாரா என்று ஹிந்தியில் சந்தோஷமாகக் கேட்டாள். அப்பா வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒண்ணுக்குப் போறதுக்குத் தண்டோரா போடணுமாட்டி, அவன் சுவத்தைப் புடிச்சித்தான் நான் எந்திக்கணுமா என்றார். அன்றைக்கு முழுவதும் கைப்பிடியைத் தொடவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன், இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். சாயங்காலம் டம்ளரைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை ஷாலினி, பயம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் நான் பார்த்த ஈரத்தைச் சொன்னேன், எவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டினேன். நம் தண்ணீர் இரண்டு வருஷம் அவர்கள் வீட்டில் இருந்தது, உங்கள் கை ஒரு நிமிஷம் இருந்தால் என்ன என்றேன். விளக்கை அணைக்கும்போது டம்ளர் காலியாக இருந்தது.

இப்போது தானாகத்தான் எழுந்திருக்கிறார். நான் திரைக்குப் பக்கத்தில்கூட நிற்பதில்லை. ரெஹானாவும் சாவிக்கொத்தை எடுத்துவிட்டாள், நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். விடிவதற்கு முன்பே அப்பா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார், எழுவதில்லை. பக்கத்து வீட்டில் மெஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் வாக்கரைக் கேட்கிறார். இன்னும் வெட்கம் என்று நினைத்தேன். நேற்றுக் கேட்டேவிட்டேன். சாவி இல்லாட்டாலும் தகடு டக்குங்கும்லா, அவன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தைக்கான், முழிச்சிருவான்லா என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதை ஒருத்தருக்காவது சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை தாள். ஆனால் அடக்கிக்கொண்டு படுத்திருப்பது அவருக்கு நல்லதில்லை. அதற்கு ஏதாவது செய்ய வேண்டும்.

நீயும் டியூட்டியில் தண்ணீர் குடி. அடக்காதே. அவர் மகள்தானே நீ. நீ அனுப்பியதில் மீதிப் பணம் அப்படியே இருக்கிறது, இந்த மாதம் அனுப்ப வேண்டாம், நல்ல கோட் ஒன்று வாங்கிக்கொள். நான் சொன்னதை எதையும் போனில் அவரிடம் பேசாதே, டைல்ஸ் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல். போன இடத்தில் உனக்கு நல்ல மனிதர்கள் பக்கத்தில் அமையட்டும், உடம்பும் மனமும் திடமாக இருக்கட்டும்.

அன்புடன்
அம்மா
பானுமதி

எழுதி முடித்துவிட்டு, தகடு சத்தம் போடாமலிருக்க ரப்பர் வாஷர் வாங்கப் பிரம்மநாயகம் கடைக்குப் போனேன், ஞாயிறு, பூட்டியிருந்தது. உன் பழைய ஹவாய் செருப்பு ஒன்றை எடுத்து நாலு வளையம் வெட்டினேன். ஷகீல் வீட்டுக்குப் போய் நட்டுகளைக் கழற்றி, தகட்டுக்கு அடியில் அவற்றை வைத்து, மறுபடி இறுக்கிவிட்டு வந்தேன்.