பாதரசத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய்

போடிநாயக்கனூர்,
14-8-1936

அன்புள்ள மகள் ஜெபராணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் காலை ஜெபமும் இரவு ஜெபமும். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மலைமேல் மேகம் இறங்கியே கிடக்கிறது, கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, கடைகளில் புது ஏலக்காய் வர ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என் இருமலும் அடங்கியிருக்கிறது.

உன்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி, பாதரசத்தை ஆங்கிலத்தில் ஏன் 'குவிக் சில்வர்' என்கிறார்கள், அதற்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்டாளாமே, கெட்டிக்காரப் பெண்தான். எனக்குத் தெரிந்தது சரியோ தவறோ என்று சந்தேகம் வந்து, பள்ளிக்கூடத்து அகராதியையும் பாதிரியார் வீட்டு அகராதியையும் இரவல் வாங்கி ஒத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையே சொல்வதால் தைரியமாக எழுதுகிறேன். குவிக் என்றால் இப்போது விரைவான என்று பொருள். பழங்காலத்து ஆங்கிலத்தில் அதற்கு உயிருள்ள என்பதுதான் பொருள். உயிருள்ளது அசையும், நன்றாக அசைவது விரைந்து போகும், இப்படிப் பொருள் மெல்ல நகர்ந்திருக்கிறது. சமஸ்கிருதத்து ஜீவ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை என்று போட்டிருக்கிறது, பார்த்து எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. பாதரசம் தட்டில் ஊற்றினால் நிற்காமல் உருண்டோடுவதால் அதை உயிருள்ள வெள்ளி என்றார்கள். நம் கோயிலுக்கு வெள்ளையடிக்கப் போன வாரம் கற்சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினார்கள், அது புஸ்ஸென்று கொதித்துப் புகைந்தது, அந்தச் சுண்ணாம்புக்கும் ஆங்கிலத்தில் இந்த அடைமொழிதான். கிளுவைக் கம்பு நட்டு வளர்ப்பதை நாம் உயிர்வேலி என்கிறோம் அல்லவா, அவர்களும் அதே எண்ணத்தில் வேலிக்கு இந்தச் சொல்லைப் போடுகிறார்கள். நகத்துக்கு அடியில் தொட்டால் சுரீரென்னும் சதைக்கும் இதுவே பெயர். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன், அதிகமாகத் தோன்றினால் சுண்ணாம்போடு நிறுத்திக்கொள்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவ பாதரசத்துக்கு ரெண்டு பக்கம் எழுதுறா, நீங்க அதுக்கு மூணு பக்கம் எழுதுறீக. வயித்துல இருக்கதப் பத்தி அப்பனும் மகளும் ஒரு வரி எழுத மாட்டீகளா? அஞ்சு மாசம் முடியப் போகுது" என்றாள். தகப்பன் மகளிடம் கேட்கிற கேள்வியா அது என்று நான் இழுத்தேன். வெற்றிலை வாங்க வந்திருந்த மருத்துவச்சி மாயக்காள் அதைக் கேட்டுவிட்டு, "புள்ளையோட அனக்கத்த வாத்தியாரய்யா வெள்ளக்காரன் பொஸ்தகத்துல தேடுறாக போலருக்கு ஆத்தா. அதுல தெரியும்னா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க, வீடு வீடா நடக்குறது மிச்சம்" என்று சிரித்தாள். வயிற்றுப் பிள்ளை முதன்முதலாக அசைவதைத்தான் அவள் அனக்கம் என்பாள், உனக்குத் தெரியும். அம்மா சிரிக்கவில்லை. "நீங்க கேக்கலேன்னா தபால்காரன் கர்ணன விட்டு எழுதச் சொல்லிக்கிருதேன். அவன் போற தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுப் போகட்டும்" என்றாள். அச்செழுத்தை வாசிக்கும் அவளுக்கு எழுத மட்டும் வராமல் போனது எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

மாயக்காள் கேலியாகச் சொன்னது அகராதியில் உண்மையாகவே இருக்கிறது. தாய்க்குப் பிள்ளையின் முதல் அசைவு தெரிவதற்கு இந்தக் குவிக் என்ற சொல்லிலிருந்தே 'குவிக்கனிங்' என்று ஒரு பெயர் எடுத்திருக்கிறார்கள். அந்த வரியை நான் பார்த்தேன், உனக்கு எழுதாமல் தாண்டி வந்தேன். சென்ற வருஷம் உண்டான பிள்ளை அசைவதற்கு முன்பே போய்விட்ட பிறகு, நல்ல செய்தியைக்கூட நீ பாதியாகத்தான் எழுதுகிறாய். முன்கூட்டி மகிழ வேண்டாம் என்று இருக்கிறாயோ, எங்களைப் பயப்படுத்த வேண்டாம் என்று இருக்கிறாயோ, நான் தவறாக நினைப்பதாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றும் தெரியாமல் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, எனக்கும்தான். மாயக்காள் போகும்போது, "சில பேருக்கு ஆறாம் மாசம் பொறந்துதான் தெரியும், பயந்துக்கிர வேணாம். அதுக்கு மேலயும் தெரியலேன்னா டாக்டரம்மாகிட்டக் காட்டாம இருக்கக் கூடாது, மகளுக்கு எழுதிருங்க" என்று சொன்னாள். பாவாடைக்காரச் சிறுமி போல வெட்கப்பட்டுக்கொண்டு நாட்களைத் தள்ளிவிடாதே.

ஆகையால் அப்பாவே கேட்கிறேன், ஜெபராணி. பிள்ளை அசைந்ததா? அசைந்தது என்றால் அம்மா உன் பேறுகாலத்துக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவாள். இல்லை என்றால், அதையும் மறைக்காமல் எழுது, அடுத்த கப்பலிலேயே ஏறுவாள், துணைக்கு நானும் வருகிறேன். கடலைப் பார்த்தால் எனக்குப் பயம் என்பது வேறு விஷயம்.

வகுப்பில் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்காதே, நாற்காலி போட்டு உட்கார். ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் உன் வயிற்றுக்கனியையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. இதற்குப் பதிலை மாப்பிள்ளையிடம் விடாமல் நீயே எழுது. வெட்கப்பட்டு அம்மா பெயருக்குப் போட வேண்டாம், எனக்கே எழுது.

உன் அன்புள்ள அப்பா,
பொன்னுராஜ்