ஆட்டைக்கு முன் போட்ட அத்திவாரம்

விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைவுக்கு வந்து, நினைவோடு கோபத்தையும் கொண்டு வருகிற என்ரை மாமிக்கு,

நீங்கள் கண்ணை மூடியதில் எனக்குக் கோபமில்லை. அது சிவன் விட்ட வழி. மூடிய நேரத்தில்தான் கோபம். இந்தத் தகரக் கொட்டிலுக்குள் அத்தனை மாரியும் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டுத்திட்டத்தில் எங்கடை முறை வருகிற நேரம் பார்த்தா போகவேண்டும்?

திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இணுவிலில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீங்கள்தானே விளங்கப்படுத்தினீர்கள். சீமெந்தும் கல்லும் மேசனும் தொண்டு நிறுவனம் தரும். நாங்கள் மாதாமாதம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்ட, அந்தக் காசில் இன்னொரு குடும்பத்துக்கு வீடு எழும்பும். குழுவில் இருக்கிற குடும்பங்கள் ஒருவர் காணியில் ஒருவர் போய் மண் வெட்டவேண்டும். முறை வந்தவர் சொன்ன மாதத்துக்குள் அத்திவாரம் போடாவிட்டால், வீடு வேறு குழுவுக்குப் போய்விடும். பிறகு எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

உங்கடை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கழுவிய நிலம் காயவில்லை, மச்சாள் கதையைத் தொடங்கிவிட்டா. பண்டத்தரிப்பில் இருந்தாலும் உங்கடை மகள் அல்லவா. குரலும் உங்கடை குரல்தான்.

"அம்மான்ரை ஆட்டைத்திவசம் முடியாமல் ஒரு நல்ல காரியமும் தொடங்கப்படாது மச்சாள். ஒரு வருசம் பொறுங்கோ. இப்ப அத்திவாரம் போட்டால் அந்த வீடு ஆகாது."

"அப்ப இந்தக் கொட்டில் ஆகுதோ?" என்று கேட்டேன்.

"விரதம், தேவாரம் எண்டு இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவேணுமே?"

எரிச்சல் அதுதான் மாமி. அவ சொன்னது பிழையில்லை. அயலில் யார் செத்தாலும் ஆட்டை முடியும்வரை பொறுக்கவேண்டும் என்று சொல்லித் திரிந்தவள் நான். அதை எனக்குச் சொல்லித் தந்தவ நீங்கள்.

திட்டத்திலிருந்து வருகிற பிள்ளையிடம் தவணை கேட்டுப் பார்த்தேன். "அக்கா, மழை பெய்தால் பிந்தலாம் எண்டு எழுதியிருக்கு. செத்தவீட்டைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை" என்றாள். "மாசக் கடைசிக்குள்ளை வெட்டுங்கோ. இல்லாட்டி என்னாலை ஒண்டும் செய்யேலாது." அவளும் பாவம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோயில் குருக்களிடம் போனேன். "செத்தவீட்டுத் துடக்குக் கழிஞ்சுது. ஆனால் ஆட்டை முடியும்வரை பொறுக்கிறவை பொறுக்கினம். உங்கடை வழக்கம் எப்பிடியோ அப்பிடிச் செய்யுங்கோ" என்றார். வழக்கத்தைக் கேட்கத்தானே அவரிடம் போனேன்? வீட்டுக்கு வந்து உங்கடை மகனைக் கேட்டால், சைக்கிளைத் துடைத்தபடி, "நீர் என்ன சொல்லுறீரோ அதுதான்" என்கிறார். நீங்கள் இருந்திருந்தால் ஒரு முடிவு சொல்லியிருப்பீர்கள். பிழையான முடிவென்றாலும் உரத்துச் சொல்லியிருப்பீர்கள். அந்த உதவியாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

கடைசியில் வழி சொன்னது நசீரா. எங்கடை குழுவில் முதல் வீடு கட்டியவள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றியபோது கைக்குழந்தையாகப் போய், புத்தளத்தில் வளர்ந்து, பிள்ளைகளோடு திரும்பி வந்தவள். அவள் வீட்டுக்கு மண் வெட்ட நான் யாழ்ப்பாண ரவுணுக்குப் போன நாட்களில், அங்கே வாய் நனைக்கக்கூடாது என்று தண்ணீர்ப் போத்தல் நிரப்பித் தருவீர்கள். போத்தல் நிரம்பியபடியே திரும்பி வரும். நீங்களும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கமாட்டீர்கள்.

"முதல் கல்லை உங்கடை ஆக்கள் வைச்சால்தானே அக்கா குற்றம்?" என்றாள் நசீரா. "ஆட்டை உங்களுக்குத்தான், எனக்கில்லையே. நான் வந்து வைக்கிறன்."

"மாமி உயிரோடை இருந்தால் உன்னை ஏசித் துலைச்சிருப்பா."

"இப்பவும் கனவிலை வந்து ஏசட்டும். உயிரோடை இருக்கேக்கை மட்டும் என்னைக் கொஞ்சினவவே?"

நீங்கள் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நல்ல நேரம் பார்க்கவில்லை. தேங்காய் உடைக்கவில்லை, மாவிலை கட்டவில்லை. வேலைக்குப் போகிறமாதிரிப் போனோம். நசீரா மண்ணை வெட்டி, பிஸ்மி சொல்லிக் கல்லை எடுத்தாள். நான் வாய்க்குள் சிவசிவ என்றேன். வரமாட்டேன் என்று சொன்ன மச்சாள் படலைக்கு வெளியே, காணிக்குள் கால் வைக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றா. திருப்பிய முகத்துக்கும் கண் இருக்குமோ தெரியாது.

"பிள்ளை, உதில்லை ஈசான மூலை. இன்னும் கொஞ்சம் கிழக்கை தள்ளு" என்றா.

நசீரா தள்ளி வைத்தாள். வீடு எங்கள் கையைவிட்டுப் போகவில்லை.

இப்போது சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் அடுத்த தலையிடி. வீடு முடிந்து ஒரு மாதத்துக்குள் குடிபோகவேண்டுமாம். அதுவும் உங்கடை ஆட்டைக்கு முன்னமே வரும்போல இருக்கிறது. ஆட்டைக்கு முன்னம் பால் காய்ச்சிக் குடிபூருவது எப்படி? மச்சாள் போனில் செருமத் தொடங்கிவிட்டா. இந்த முறை நான் குருக்களையும் கேட்கவில்லை, உங்கடை மகனையும் கேட்கவில்லை. நானே முடிவெடுத்துவிட்டேன்.

பால் காய்ச்சாமல் குடிபோவோம். பாயையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு போய்ப் படுப்போம். சமையல் வெளியே, இந்தக் கொட்டில் அடுப்பில்தான். புது அடுப்படியில் முதல் நெருப்பு உங்கடை ஆட்டைத்திவசப் படையலுக்கு மூட்டுவேன். நீங்கள் சாப்பிட்டபிறகுதான் எங்களுக்குப் பால். அதுவரைக்கும் அந்த அடுப்பில் ஒரு சுடுதண்ணிகூட வைக்கமாட்டேன் மாமி.

உங்களோடு இன்னும் சண்டை முடியாத,
மூத்த மருமகள்