ஒரு இஞ்சு தள்ளி ஒட்டிய பிராக்கெட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

என் பொறுமை ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் பேசினால் போதாதா என்று உன் அம்மா கேட்கிறாள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் சரிப்பா சரிப்பா என்று சொல்லி நீ அடைத்துவிடுவாய். கடிதத்திடம் அந்த ஜம்பம் பலிக்காது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் பிராக்கெட் விஷயம். போன விடுமுறையில் வந்தபோது என் பழைய மோட்டார் சைக்கிளைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தாய். ஹேண்டில்பாருக்குப் பின்னால் ஃபிரேமில் ஒட்டியிருந்து பெட்ரோல் டாங்கை முன்பக்கம் தாங்குகிற பிராக்கெட்டில் விரிசல் இருக்கிறது என்றாய். விரிசல் இருந்தது வாஸ்தவம். அதற்காக நான் குளித்துவிட்டு வருவதற்குள் கட்டிங் மிஷினை வைத்து அறுத்து எறிந்துவிடுவதா? புதுசு ஒண்ணு செஞ்சு ஒட்டிடலாம்பா, ஒரு நாள் வேலை என்றாய். அந்த ஒரு நாள் வருவதற்குள் உன் விமானம் வந்துவிட்டது. அன்றிலிருந்து டாங்க் பரண்மேலும் வண்டி படிக்கட்டுக்குக் கீழேயும் என்று பிரித்துவைத்த தம்பதி மாதிரிக் கிடந்தன. பிறகு அங்கிருந்து பார்சலில் ஒரு பிராக்கெட் அனுப்பினாய். நகைக்கடையில் வாங்கியது போலப் பளபளப்பு. ஆனால் அது இதே பெயரில் பின்னால் வந்த மாடலுக்கு உரியது, நம்முடையதற்கு ஒரு துளை என்றால் அதற்கு இரண்டு. எந்த மாடல் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? இப்போது அதை வாசல் கதவோரம் ஆணியடித்து உன் அண்ணி சாவி மாட்டுகிறாள். நல்ல உறுதி என்று சர்டிபிகேட் வேறு கொடுக்கிறாள்.

உன் அண்ணனுக்குப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள இடத்தின்மேல் வெகுநாளாகவே கண். ஓடுற வண்டி வெயில்ல நிக்குது, ஓடாத வண்டி நெழல்ல நிக்குது என்று காரைத் துடைக்கும்போதெல்லாம் என் காதில் விழுகிற மாதிரிச் சொல்லுவான். போன மாதம் ஒரு ஓட்டல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் புதிதாகத் திறக்கிற கடையில் கல்லாவுக்கு மேலே சுவரில் என் வண்டியைத் தொங்கவிட்டு, ஹெட்லைட்டுக்குள் கலர் பல்பு போடப்போகிறாராம். டாங்க் உட்கார பிராக்கெட் இல்லையே என்று நான் சொன்னால் அந்த மனிதர் சிரிக்கிறார். அதுக்கென்ன சார், கம்பி போட்டுக் கட்டிக்கலாம், யாரு ஓட்டப்போறா என்கிறார். என் வண்டியைக் கம்பி போட்டுக் கட்டுவாராம்! இது என் மகளுக்கு வைத்திருக்கிற வண்டி, அடுத்த வருஷம் அவள் இங்கேயே திரும்பி வந்துவிடுவாள், வேலைக்கு இதில்தான் போவாள் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் உன் அண்ணன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான், உன் அண்ணி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், உன் அம்மா ஏற்கெனவே நூல் கோத்த ஊசியில் மறுபடி நூல் கோத்தாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் உன் அண்ணன் ஒரு தீர்ப்புச் சொன்னான். ஓட்டல்காரர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வருவார், அதற்குள் வண்டி தன் காலில் ஓடினால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் சுவருக்குப் போகட்டும் என்று. என் வண்டிக்கு இவன் தவணை கொடுக்கிறான். சரி, பார்க்கலாம் என்றேன்.

நான் எந்த மெக்கானிக்கிடமும் கைகட்டி நின்று தொழில் கற்றவன் இல்லை, பிரித்துப் போட்டு, கெடுத்து, மறுபடி பூட்டித் தெரிந்துகொண்டவன். தடித்த பட்டை இரும்பில் துண்டு வெட்டி, வைஸில் பிடித்து வளைத்து, அரத்தால் ராவி, துளை போட்டு பிராக்கெட்டை நானே செய்தேன். பழையதைவிடக் கனமாகவே செய்தேன், இன்னொரு தடவை யாரும் விரிசல் என்று சொல்லக்கூடாது பார். பரணிலிருந்து இறக்கிப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்த டாங்க் அப்போது பெயிண்டரிடம் கவிழ்ந்து கிடந்தது. அங்கேயே போய், அதன் பின்துளையிலிருந்து முன்துளைவரை இரும்பு ஸ்கேல் வைத்து அளந்துகொண்டேன். பதினேழு இஞ்சு. இனி ஃபிரேமில் பின்பக்கத்துப் பிடியிலிருந்து அதே பதினேழைக் குறிக்க வேண்டும். அங்கே குழாய் வளைந்து போவதால் ஸ்கேல் உட்காரவில்லை, துணி டேப்தான் வளைந்துகொடுக்கும். உன் அம்மாவின் தையல் மிஷின் டிராயரிலிருந்து அவளுடைய இஞ்சு டேப்பை எடுத்தேன். கேட்டு எடுத்திருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அவள் மாடியில் உன்னோடு போனில் இருந்தாள். நான் வந்தால் பேச்சு மாறுகிற அந்தப் போனின் நடுவில் போய் நிற்க எனக்கு இஷ்டமில்லை. டேப் முனையில் இருக்க வேண்டிய தகரம் இல்லை, தேய்ந்து விழுந்திருக்கும் என்று நினைத்து, முனையிலிருந்து பிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடி வெல்டிங்காரரிடம் போனேன். டீக்கடையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஆள், அதனால் ஊரே அவரைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடும். டாங்கையும் கொண்டாங்க, வச்சுப் பாத்து ஒட்டுவோம் என்றார். பெட்ரோல் நின்ற டாங்கை எத்தனை கழுவினாலும் உள்ளே ஆவி இருக்கும், அதை நெருப்புப் பக்கம் கொண்டுவர மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதில் நான் சொன்னதுதான் சரி, இன்றைக்கும் சொல்வேன். அப்ப உங்க கோடு, உங்க பொறுப்பு பெரியவரே என்று சொல்லிவிட்டு ஒட்டினார்.

டாங்க் பெயிண்ட் காய்ந்து வந்தது. தூக்கி வைத்தால் பின்பக்கத்து போல்ட் இறங்குகிறது, முன்பக்கம் துளை எங்கேயோ, பிராக்கெட் எங்கேயோ. முழுசாக ஒரு இஞ்சு பின்னால் தள்ளி ஒட்டியிருக்கிறது. டாங்கைப் பின்னால் இழுத்தால் சீட் இடிக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் பெயிண்டரிடம் போய், சூட்டில் வைத்து டாங்கை நீட்டிவிட்டாயா என்று கேட்டேன். நீட்டறதுக்கு இது என்ன சார் ரப்பரா என்றான். அடுத்து கண்ணாடியைப் பிடித்தேன். அவர் தன் டேப்பை எடுத்து வைத்தார். பதினாறு காட்டியது. உங்க வீட்டுப் பதினேழு எங்க கடைக்கு வந்தா பதினாறா இருக்கு பெரியவரே என்று சொல்ல, டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து டேப்பை உன் அம்மா முன்னால் போட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, ஐயோ, இதுல மொத இஞ்சு கெடையாதே, ஒண்ணுலருந்துல்ல பிடிக்கணும் என்றாள். சின்ன வயதில் பொம்மைக்குப் பெல்ட் போட நீ கத்தரியால் வெட்டிவிட்டாயாம். அன்றிலிருந்து அவள் ஒன்றிலிருந்து பிடித்தே இத்தனை பேருக்குத் தைத்திருக்கிறாள். டேப்பை வெட்டினவளும் நீ, பிராக்கெட்டை வெட்டினவளும் நீ, நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் நான். அதுகூடப் பரவாயில்லை. உன் அண்ணன் உள்ளேயிருந்து, அது தெரியாதாப்பா உங்களுக்கு என்கிறான். நேற்று இந்த வீட்டுக்கு வந்த உன் அண்ணி, நான் ஜன்னல் திரைக்கு அளந்தப்பவே அத்தை சொல்லிட்டாங்க மாமா என்கிறாள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையா என்று கேட்டேன். நீங்க என்னைக்குக் கேட்டீங்க என்றாள் உன் அம்மா. கேட்டால்தான் சொல்வது என்றால் அது வீடா, விசாரணை ஆபீஸா?

பிறகு ஒட்டியதை அறுத்தெடுத்து மறுபடி ஒட்டினோம். இந்தத் தடவை உன் அம்மாவே வந்தாள். டாங்கைக் கவிழ்த்து அதன் வயிற்றின்மேல் பழைய செய்தித்தாளை விரித்து, சட்டைக்கு வெட்டுவது போல வரைந்து, துளை வருகிற இடத்தில் ஊசியால் குத்திக்கொண்டாள். பட்டறையில் அந்தக் காகிதத்தை ஃபிரேம்மேல் வைத்துவிட்டு, டேப்பையும் விடாமல், ஒன்றாம் கோட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்து என்னை அசையாமல் நிற்கச் சொன்னாள். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் விழுந்தது. கண்ணாடி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், அவருக்குக் கண் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறினதும் டாங்கை வைத்தேன், ரப்பர் புஷ் போட்டேன், போல்ட் கையாலேயே இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல்காரர் லாரி, கயிறு, இரண்டு ஆள் சகிதம் வந்துவிட்டார். நான் கிக்கரை மிதிக்க மிதிக்க அது இருமிக்கொண்டே இருந்தது. லாரி ஆள் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினான். அந்தச் சமயம் பார்த்து இன்ஜின் பிடித்துக்கொண்டது. தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன். முழங்கால் வலித்தது, அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. டாங்க் ஒரு நூல் அசையவில்லை. ஓட்டல்காரர், இது ரொம்ப உயிரோட இருக்கு சார், எனக்குச் செத்ததுதான் வேணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். லாரி திரும்பினதும் உன் அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னான்.

"இவ்வளவு கஷ்டப்பட்டீங்களேப்பா. அவ இனிமே எங்க வந்து இதை ஓட்டப்போறா?"

உன் அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் காருக்குத் தண்ணீர் அடிக்கப் போய்விட்டான். நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த டம்ளர்கள், அந்த ஊசி, மாடிப் போன் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. டேப்பைப் பற்றி எனக்கு மட்டும் சொல்லாமல் இருந்த அதே முகங்கள்தான்.

இவர்களிடம் கேட்க மாட்டேன், உன்னிடம் கேட்கிறேன். அங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்திருந்தால் அதை எனக்கு எழுது. நல்ல வேலை, நல்ல இடம் என்றால் நான் என்ன குறுக்கே படுக்கவா போகிறேன்? கொஞ்சம் கத்துவேன், அது வேறு விஷயம். எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு, என்னை மட்டும் முனையிலிருந்து அளக்க விட்டுவிடாதே. முதல் இஞ்சு இல்லை என்று சொல்லிவிட்டால் ஒன்றிலிருந்து பிடிக்க எனக்கும் தெரியும். நீ வந்தாலும் வராவிட்டாலும் வண்டியை விற்கிற பேச்சு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலும் அது ஓடுகிற நிலையில் நிற்கும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் அம்மாவுக்குக் கண் மங்குகிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் என் பேச்சு எடுபடாது, நீ ஒரு அதட்டல் போடு. எந்த பாகமும் பார்சலில் அனுப்பாதே. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து நன்றாக இரு. பதிலை எனக்கு எழுது, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அப்பா

உன் அம்மாவுக்குப் புது டேப் வாங்கி வந்தேன். அவள் அதை டிராயரில் போட்டுவிட்டுப் பழையதையே எடுக்கிறாள். எனக்கும் இப்போது அதுதான் கைக்கு வருகிறது.